தலையில் அணியும் திரையும் மேசைத் திரையும்

ஒரு காட்சியை அதற்கு வெளியே நின்று பார்ப்பது ஒன்று. அக்காட்சியின் நடுவிலேயே நிற்பதாக உணர்வது மற்றொன்று. இவ்விரண்டாவது உணர்வை உண்டாக்குவதற்கென்றே அமைக்கப்பட்டது மெய்நிகர்க் காட்சி. இதனைச் சுருக்கமாக வி. ஆர். என வழங்குவர். கண்களை முழுவதும் மூடும்படி தலையில் அணியப்படும் ‘ஹெட்செட்’ என்னும் சாதனம், இடக் கண்ணுக்கு ஒரு படத்தையும் வலக் கண்ணுக்குச் சிறிது வேறான மற்றொரு படத்தையும் வில்லைகளின் வழியே காட்டுகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறுகிறது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் இத்தகைய சாதனம் ஒன்றைச் செய்து காட்டினார். எனினும், பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கத்தக்க தரமான ஹெட்செட்டுகள் 2016-ஆம் ஆண்டிலேதான் பரவலாக விற்பனைக்கு வந்தன.

இச்சாதனத்திற்கென்று பல விளையாட்டுகளும் பயிற்சிப் பாடங்களும் ஆக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு ஹெட்செட்டை ஒரு சமயத்தில் ஒருவரே அணிய முடியும். முப்பது மாணவர்கள் கொண்ட வகுப்புக்கு ஒன்றிரண்டு ஹெட்செட்டுகள் போதா. ஆகவே அதே விளையாட்டையோ பாடத்தையோ மேசைக் கணிப்பொறியின் திரையில் காட்டும்படி மாற்றியமைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவ்வாறு மாற்றும்போது படத்தின் தரம் பல சமயங்களில் எதிர்பாராத வகையில் குன்றிவிடுகிறது. சில சமயங்களில் உயர்வதும் உண்டு. இதன் காரணங்களை அறிந்திருப்பது ஆசிரியர்களுக்கும் விவசாய விஸ்தரிப்பு ஊழியர்களுக்கும் இன்றியமையாதது. ஏனெனில், மங்கிய படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினால் மாணவர் ஐயம் அடைவதோடு நில்லார். தவறானதொன்றைச் சரியென்றே கற்றுக்கொள்ளவும் கூடும்.

இரு கண்களின் வேலை

மனிதனின் இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரம் சராசரியாக 6.3 செ.மீ. ஆகும். இதனால் ஒரே பொருளின் இருவேறு தோற்றங்கள் இரு கண்களிலும் விழுகின்றன. மூளை இவ்வேறுபாட்டினின்றும் பொருளின் தூரத்தை அறிந்துகொள்கிறது. இவ்வுண்மையை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, ‘ஸ்டீரியாஸ்கோப்’ என்ற தம் கருவியைக் கொண்டு விளக்கினார். இன்றைய ஹெட்செட்டும் அடிப்படையில் அக்கருவியின் வழித்தோன்றலே.

நம் நாட்டில் இத்தத்துவத்தைப் பொதுமக்கள் கண்டு வியந்தது திரைப்படக் கொட்டகைகளில்தான். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984-இல் மலையாளத்தில் வெளிவந்தது. மறு ஆண்டில் தமிழில் ‘அன்னை பூமி’ வந்தது. தனிவகைக் கண்ணாடி அணிந்து பார்த்தவர்களுக்குப் பொருள்கள் திரையை விட்டு வெளியே வருவதுபோலத் தோன்றின. அத்தகைய படத்தையே வீட்டிலுள்ள சாதாரணத் தொலைக்காட்சியில் பார்ப்பவர் காண்பது என்ன? ஒரு கண்ணுக்குரிய படம் மட்டுமே. பார்ப்பவரை நோக்கி நீட்டப்படும் கோலோ, வீசப்படும் பொருளோ அங்கே எவ்விதப் பயனுமின்றி நிற்கிறது. கண்ணாடிக்கென்று அமைத்த காட்சியைக் கண்ணாடியின்றிக் காட்டியதன் விளைவு இது. மெய்நிகர் விளையாட்டு மேசைத் திரைக்கு வரும்போது நேர்வதும் இதுவே. ஆனால் அதனோடு வேறு பல மாறுதல்களும் சேர்ந்துகொள்கின்றன.

படப்புள்ளிக் கணக்கு

திரையில் தோன்றும் படம் ‘பிக்சல்’ எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனது. மொத்தம் எத்தனை புள்ளிகள் என்பதைக் காட்டிலும், கண்ணுக்கு எதிரே ஒரு பாகை கோணத்திற்கு எத்தனை புள்ளிகள் அமைகின்றன என்பதே தெளிவைத் தீர்மானிக்கிறது. குறைபாடற்ற கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள நுட்பத்தைப் பிரித்தறியும். அதாவது, பாகைக்கு 60 புள்ளிகள் இருந்தால் புள்ளிகள் தனித்தனியே தெரியமாட்டா.

2016-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் ஆகிய ஹெட்செட்டுகளில் ஒரு கண்ணுக்கு 1080 × 1200 புள்ளிகள் இருந்தன. அகலத்திலுள்ள 1080 புள்ளிகளும் ஏறத்தாழ 90 பாகைக்குப் பரந்து நின்றன. ஆகவே ஒரு பாகைக்குக் கிடைத்தவை 12 புள்ளிகளே. 2020-இல் வந்த குவெஸ்ட் 2 என்ற சாதனத்தில் கண்ணுக்கு 1832 × 1920 புள்ளிகள். அதில் பாகைக்கு ஏறத்தாழ 20 புள்ளிகள் எனக் கொள்ளலாம்.

மேசைத் திரையின் நிலை வேறு. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ.; அதில் 1920 புள்ளிகள் உள்ளன. எனவே ஒரு செ.மீ. அகலத்தில் 36 புள்ளிகள் அடங்கும். கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்தில் வைக்கப்பட்ட ஒரு செ.மீ. நீளம் ஏறத்தாழ ஒரு பாகை கோணத்தைக் காட்டும் என்பது வடிவ கணிதத்தில் நினைவிற்கொள்ளத்தக்க ஓர் எளிய அளவு. ஆகவே அத்தூரத்தில் அமர்ந்து பார்ப்பவருக்குத் திரையின் நடுவில் பாகைக்கு 36 புள்ளிகள் கிடைக்கின்றன.

இதனை மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகை. பழைய ஹெட்செட்டில் அவ்விரலின் அகலத்தை 24 புள்ளிகளாலும், மேசைத் திரையில் 72 புள்ளிகளாலும் வரைய வேண்டும். வானத்து முழுநிலவின் அகலம் அரைப் பாகை. அதற்கு ஹெட்செட்டில் கிடைப்பவை 6 புள்ளிகள். மேசைத் திரையில் 18. கண்ணின் முழு ஆற்றலுக்கு ஈடாக வேண்டுமானால் 30.

இதனின்றும் பெறப்படுவது யாது? ஹெட்செட்டின் குறைந்த தெளிவு பல குறைகளை மறைத்து வைத்திருந்தது. மேசைத் திரையின் கூர்மை அவற்றை வெளிப்படுத்திவிடுகிறது. ஹெட்செட்டில் நன்றாகத் தோன்றிய அதே சுவர், அதே மரம், அதே முகம் மேசைத் திரையில் வெறுமையாகவும் மழுங்கியும் தோன்றுவதற்கு முதற் காரணம் இதுவாகும்.

வேகத்தின் விலை

ஹெட்செட்டில் படம் சிறிது தாமதித்தாலும் தலை அசைவுக்கும் காட்சிக்கும் பொருத்தம் கெட்டுத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆகவே மேற்கூறிய 2016-ஆம் ஆண்டுச் சாதனங்கள் வினாடிக்கு 90 படங்களைக் காட்டின. ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணிப்பொறிக்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் தொண்ணூறில் ஒரு பங்குதான். அதற்குள் இரு கண்களுக்கும் இரு படங்களை வரைந்தாக வேண்டும். அன்றியும், வில்லை படத்தை வளைத்துவிடுவதால் அதனை முன்கூட்டியே எதிர்ப்புறமாக வளைத்துக் காட்ட வேண்டியுள்ளது. அதற்காகத் திரையின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 1.4 மடங்கு பெரிய படத்தை முதலில் வரைந்துகொள்வது வழக்கம். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், வினாடிக்குச் சுமார் 46 கோடிப் படப்புள்ளிகள் ஆகின்றன. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட மேசைத் திரையில் வினாடிக்கு 60 படங்கள் காட்டுவதற்கு ஏறத்தாழ 12.4 கோடிப் புள்ளிகள் போதும். வேலை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்பெருஞ் சுமையைத் தாங்குவதற்காக மெய்நிகர் விளையாட்டை ஆக்குவோர் பல சிக்கனங்களைச் செய்வர். நிழல்களைக் குறைப்பர், ஒளியை அவ்வப்போது கணக்கிடாமல் முன்னரே கணக்கிட்டுச் சுவர்களில் பதித்து வைப்பர், நீரின் பிரதிபலிப்பையும் புகையையும் எளிமையாக்குவர். குவெஸ்ட் போன்று கணிப்பொறியின் துணையின்றித் தனித்தே இயங்கும் சாதனங்களில், கைபேசியில் உள்ளது போன்ற சிறு செயலியே எல்லா வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால் சிக்கனம் இன்னும் மிகுதி. அங்கே காட்சியின் ஓரங்களைக் குறைந்த தெளிவில் வரையும் முறையும் கையாளப்படுகிறது. வில்லையின் ஓரம் இயல்பாகவே மங்கலாக இருப்பதால் அணிந்தவர் அதனைக் கவனியார். ஆனால் அம்முறையை நிறுத்தாமல் அப்படியே மேசைத் திரைக்குக் கொண்டுவந்தால் படத்தின் ஓரம் கட்டங்கட்டமாகத் தெரியும்.

மேசைத் திரைக்கு மாற்றும்போது சுமை குறைவதால் மிஞ்சும் ஆற்றலைக் கொண்டு நிழலையும் ஒளியையும் உயர்த்தலாம். கோடுகளின் ஓரத்திலுள்ள பற்களையும் நீக்கலாம். எனினும் ஒன்றை மறக்கலாகாது. பொருளின் மீது ஒட்டப்பட்டுள்ள மேற்பரப்புப் படம் தொடக்கத்திலேயே குறைந்த நுட்பத்துடன் வரையப்பட்டிருந்தால், கணிப்பொறியின் ஆற்றல் எவ்வளவு மிகுந்தாலும் இல்லாத நுட்பத்தை அது தோற்றுவிக்க இயலாது. அதனைப் புதிதாகவே வரைதல் வேண்டும்.

ஆதாயமும் உண்டு

மாற்றத்தால் இழப்பு மட்டுமே நேரும் என்று கொள்ளுதல் தவறு. செங்கற் சுவரின் மேடுபள்ளங்களை உண்மையாக உருவாக்காமல், தட்டையான பரப்பின்மீது ஒளிநிழல் வேறுபாட்டால் மட்டும் காட்டும் உத்தி ஒன்று கணிப்பொறி விளையாட்டுகளில் நெடுங்காலமாக உள்ளது. ஹெட்செட்டில் இரு கண்களும் தூரத்தை அளப்பதால் அருகிலுள்ள சுவரின் இப்பொய்மேடு உடனே வெளிப்பட்டுவிடும். ஆகவே மெய்நிகர் விளையாட்டுகளில் கைக்கெட்டும் பொருள்களை உண்மை வடிவத்துடனேயே செதுக்குவது வழக்கம். இவ்வாறு நன்கு செதுக்கப்பட்ட பொருள்கள் மேசைத் திரைக்கு வந்தபின்னும் தம் அழகை இழப்பதில்லை. எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவை திருத்தமாகத் தோன்றும்.

பார்வைக் கோணத்தின் குழப்பம்

தரத்தைக் கெடுக்கும் மற்றொரு காரணம் பெரும்பாலோர் கவனிக்காதது. ஹெட்செட்டில் 90 பாகை அகலமுள்ள காட்சி, கண்ணுக்கு எதிரேயும் அதே 90 பாகைக்குப் பரந்து நிற்கிறது. ஆகவே பொருள்கள் உண்மை அளவில் தோன்றுகின்றன. 57 செ.மீ. தூரத்திலுள்ள 24 அங்குலத் திரையோ கண்ணுக்கு எதிரே அடைத்துக்கொள்வது ஏறத்தாழ 50 பாகை மட்டுமே. 90 பாகைக் காட்சியை அதற்குள் அடக்கினால், நடுவிலுள்ள பொருள்கள் தம் உண்மைத் தோற்ற அளவில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். ஓரத்திலுள்ளவை இழுத்து நீட்டியதுபோலத் தோன்றும். சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலை இவ்வாறு ஒரு பாடமாக அமைத்தால், ஹெட்செட்டில் அண்ணாந்து பார்க்க வேண்டிய மாளிகை, மேசைத் திரையில் பொம்மை வீடுபோல ஆகிவிடும். காட்சிக் கோணத்தை 50 அல்லது 60 பாகைக்குக் குறைத்தால் பொருளின் அளவு சீராகும். ஆனால் ஒரே நோக்கில் காணக்கூடிய பரப்பு குறுகும். இவ்விரண்டனுள் எது பாடத்திற்கு வேண்டியதோ அதனைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மாற்றப்பட்ட சில விளையாட்டுகள்

இதுவரை வெளிவந்த மாற்றங்களிலிருந்து சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 2016-இல் ஆக்குலஸ் ரிஃப்டுக்கென வந்த ‘குரோனோஸ்’ என்ற விளையாட்டில், பார்ப்பவர் ஒவ்வோர் அறையிலும் ஓர் இடத்தில் நிலையாக நின்று, கதாபாத்திரம் நடமாடுவதைக் காணும்படி அமைத்திருந்தனர். காட்சி நகராதிருப்பது தலைசுற்றலைத் தவிர்க்க உதவிற்று. 2020 டிசம்பரில் சாதாரணத் திரைக்கென அது ‘குரோனோஸ்: பிஃபோர் தி ஆஷஸ்’ என்ற பெயருடன் மாற்றப்பட்டபோது, பார்வை கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்து செல்லும்படி ஆயிற்று. ஓரிடத்திலிருந்து பார்ப்பதற்கென்று அமைத்த அறையைப் பல இடங்களிலிருந்தும் அருகிலிருந்தும் பார்க்க நேரும்போது அதன் எளிமை புலப்படுதல் இயல்பே.

ஐஸ்லாந்து நாட்டு சி.சி.பி. நிறுவனத்தின் ‘ஈவ்: வால்கைரி’ 2016-இல் ஹெட்செட்டுக்கென வந்து, 2017-இல் அஃதில்லாமலும் விளையாடும்படி மாற்றப்பட்டது. விண்வெளியில் பறக்கும் ஓடத்தின் உள்ளிருந்து பார்ப்பது அதன் காட்சி. அருகில் ஓடத்தின் உட்புறம், வெகுதூரத்தில் விண்வெளி என்ற அமைப்பினால் இத்தகைய விளையாட்டு மேசைத் திரைக்கு எளிதில் பொருந்துகிறது. தொலைவிலுள்ள பொருள்களைப் பொறுத்தவரை இரு கண்களின் படங்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிதன்றோ! மாறாக, 2020-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ என்னும் விளையாட்டில் கையால் எடுப்பதும், திருப்பிப் பார்ப்பதும், குனிந்து எட்டிப் பார்ப்பதுமே உயிர்நாடி. அந்நிறுவனம் அதனை ஹெட்செட்டுக்கென்றே வெளியிட்டது. ஆர்வலர்கள் தாமே அதனை மேசைக் கணிப்பொறிக்கு மாற்றியபோது, கூர்ந்து செதுக்கப்பட்ட பொருள்கள் காரணமாகப் படம் அழகாகவே இருந்தது. ஆனால் கையின் வேலையை ஒரு பொத்தான் ஏற்றுக்கொண்டது. படத்தின் தரம் வேறு, அனுபவத்தின் தரம் வேறு என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

மாவிலைப் புள்ளி: ஒரு கணக்கு

இச்செய்திகள் விளையாட்டோடு நிற்பனவல்ல. சித்தூர் மாவட்டம் மாந்தோப்புகளுக்குப் பேர்போனது; சாறெடுப்பதற்கு உகந்த தோத்தாபுரி வகை இங்கு மிகுதி. அம்மாவட்டத்து வெதுருகுப்பத்தில், மாமர நோய்களை அடையாளங் காணும் மெய்நிகர்ப் பாடம் ஒன்றை ஊழியர் ஒருவர் மேசைக் கணிப்பொறியில் விவசாயிகளுக்குக் காட்டுவதாகக் கொள்வோம். ஆந்த்ரக்னோஸ் நோய் தாக்கிய மாவிலையில் பழுப்பு அல்லது கருநிறப் புள்ளிகள் தோன்றும். சாம்பல் நோயிலோ பூங்கொத்தின்மீதும் இளந்தளிரின்மீதும் வெண்பொடி படரும். முதலாவது நோயின் தொடக்க நிலைப் புள்ளி 2 மி.மீ. அகலமுள்ளது என்றும், இலை கண்ணிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் காட்சி அமைந்துள்ளது என்றும் வைத்துக்கொள்வோம்.

அப்புள்ளி 2016-ஆம் ஆண்டு ஹெட்செட்டில் ஏறத்தாழ 3 படப்புள்ளிகளை அடைக்கும். மேசைத் திரையில் 90 பாகைக் காட்சியாக வைத்தால் 4 படப்புள்ளிகள். காட்சிக் கோணத்தை 50 பாகைக்குக் குறைத்தால் 8 படப்புள்ளிகள். ஆகவே கோணத்தைக் குறைத்தவுடன் நோய்ப்புள்ளி தெளிவாகத் தெரியவேண்டும். ஆனால் ஹெட்செட்டுக்குப் போதுமென்று 20 செ.மீ. நீளமுள்ள இலையை 256 புள்ளிகளாலேயே வரைந்திருந்தால், நோய்ப்புள்ளிக்கு அப்படத்தில் உள்ளவை இரண்டரைப் புள்ளிகளே. அவ்விரண்டரையைத்தான் கணிப்பொறி எட்டாக இழுத்துக் காட்டும். விளைவு, விளிம்பு தெளிவற்ற ஒரு கறை. அது நோயா, தூசியா, இலையின் இயல்பான நிற வேறுபாடா என்று விவசாயி எவ்வாறு அறிவார்? இதை நம்பித் தோட்டத்திற்குச் சென்று தவறான மருந்தைத் தெளித்தால் பணமும் வீண், பருவமும் வீண். இத்தகைய பாடத்தில் நோயுற்ற இலையின் தெளிவான புகைப்படத்தையும், முடிந்தால் உண்மை இலையையும் உடன் காட்டுவதே அறிவுடைமை.

கடைப்பிடிக்க வேண்டியவை

மாற்றப்பட்ட பாடத்தையோ விளையாட்டையோ வகுப்பில் பயன்படுத்துமுன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

1. மேசைக் கணிப்பொறிக்கென்றே வெளியிட்ட வடிவமா, அல்லது ஹெட்செட் அணிந்தவர் காண்பதன் பிரதி மட்டுமா என்பதை அறிதல் வேண்டும். பின்னது ஒரு கண்ணின் படத்தை வெட்டிக் காட்டுவது. அணிந்தவர் தலை அசையுந்தோறும் ஆடும். நெடுநேரம் பார்ப்பவருக்கு அது தலைவலியைத் தரும்.

2. அமைப்புப் பகுதியில் காட்சிக் கோணம் இருந்தால், பொருளின் அளவு முக்கியமான பாடத்திற்கு அதனைக் குறைத்தும், சுற்றுப்புறம் முக்கியமான பாடத்திற்கு உயர்த்தியும் வைக்கலாம்.

3. நகரும்போது காட்சியின் ஓரத்தை இருளாக்கும் ஏற்பாடு ஹெட்செட்டில் தலைசுற்றலைத் தடுப்பதற்காக உள்ளது. மேசைத் திரையில் அது பெரும்பாலும் தேவையில்லை, நிறுத்திவிடலாம்.

4. இரு கண்களால் தூரத்தை அறியும் வாய்ப்பு தட்டைத் திரையில் இல்லை. எனவே நிழல், ஒளி, தொலைவின் மங்கல் ஆகியவை தூரத்தை உணர்த்தும் வேலையை ஏற்க வேண்டும். கணிப்பொறி தாங்குமாயின் முதலில் உயர்த்தத்தக்கது நிழலின் தரம். அளவு தெரிந்த ஒரு மனித உருவமோ மாட்டுவண்டியோ காட்சியில் இருப்பதும் மாணவருக்குப் பெரிதும் உதவும்.

5. சுவரில் பெரிதாக்கிக் காட்டுவதாயின் கடைசி வரிசையை நினைவிற்கொள்க. 1920 புள்ளிகளை 2 மீட்டர் அகலத்தில் காட்டினால், 3 மீட்டர் தூரத்திலுள்ள மாணவனுக்குச் சராசரியாகப் பாகைக்கு 52 புள்ளிகள். 8 மீட்டர் தூரத்திலுள்ளவனுக்கு 135. பின்னவனின் கண் அவ்வளவையும் பிரித்தறியாது. முன் வரிசையில் நன்கு தெரியும் நுண்பொருள் அவனுக்குத் தெரியவே தெரியாது.

6. ஹெட்செட்டையே பயன்படுத்த நேர்ந்தால், தயாரிப்பாளர் குறித்துள்ள வயது வரம்பைப் பார்த்துப் பின்பற்றுதல் கட்டாயம். இடையிடையே கண்களுக்கு ஓய்வும் தருதல் வேண்டும்.

மெய்நிகர்க் காட்சியைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டிலும் நடைபெறுகிறது, சென்னை ஐ. ஐ. டி.யில் இத்துறைக்கெனத் தனி மையமே உள்ளது. ஹெட்செட்டுகளின் தெளிவும் ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. பாகைக்கு 60 புள்ளிகள் என்ற அளவை எல்லாச் சாதனங்களும் எட்டும்போது, அவற்றுக்கென வரையும் மேற்பரப்புப் படங்களும் அதற்கேற்ற நுட்பம் பெற்றாக வேண்டும். அப்போது மேசைத் திரைக்கு மாற்றுவதால் வரும் மங்கலும் பெருமளவு குறையும். அதுகாறும், படம் அழகாக உள்ளதா என்று கேட்பதோடு அமையாமல், மாணவன் காண வேண்டிய நுட்பம் அவன் அமர்ந்துள்ள இடத்திலிருந்து அவன் கண்ணுக்கு எட்டுகிறதா என்று ஆசிரியர் தாமே அவ்விடத்தில் அமர்ந்து பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குதல் நன்று.